இருபத்திரண்டு மில்லிமீட்டர்

முன் இடது மட்கார்டில் ஒரு துளை.
அதை அடைக்க வேண்டும் என்றார் வெர்னர்,
ஏரியல் நின்ற சுவடே தெரியக் கூடாது.
அறுபத்தாறாம் ஆண்டு ஓப்பல்,
இதே பீல் நகரத்து ஆலையில் பூட்டியது.
ஆலைக் கதவைத் தாண்டிய நாளில்
அதன் தோளில் துளை இல்லையாம்.
கண்காட்சி நடுவர்கள்
மூன்று புள்ளி குறைப்பார்களாம்.

"ஆனால் ரேடியோ பாட வேண்டும்."

எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள்.
காது வேண்டும்,
காது மடல் வேண்டாம்.

குனிந்து பார்த்தேன்.
கடையில் போட்ட துளை என்றால் வட்டமாக இருக்கும்.
இது கோழி முட்டை.
சின்னதாய் ஒன்று குடைந்து
அரத்தால் அராவி அராவிப் பெருக்கியது.
டிரில் ஒருமுறை வழுக்கிய இடத்தில்
பெயின்ட்டுக்கு அடியில் மீன்முள் போல் ஒரு கீறல்.
"யார் இவ்வளவு மோசமாகச் செய்தது?"
வெர்னர் சில்லறை எண்ணிக்கொண்டு
கோப்பி மெஷின் பக்கம் போயிருந்தார்.
"நான்," என்றார் எல்ஸ்பெத்.

எழுபத்தொன்று, பெப்ரவரி.
பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்று
ஆண்கள் மட்டும் வாக்களித்த ஞாயிறு.
வீட்டு ரேடியோ மாமியாரின் அறையில்;
அந்த அறையில் அந்தச் செய்தியைக் கேட்க முடியாது.
எனவே வியாழக்கிழமை,
தம்பியின் டிரில், இரவல் ஏணி, ஒரு பழைய போர்வை.
ஏணி எதற்கு என்று இப்போது நினைவில்லையாம்.
ஞாயிறு பின்னேரம் ஏரிக்கரையில்
மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்க
இரண்டு பேரும் மாநிலம் மாநிலமாகக் கேட்டார்கள்.
ஊரி, இல்லை.
பேர்ன், ஆம்.
"அவர் எதை எழுதிப் போட்டார் என்று
நான் கேட்கவில்லை.
இன்றுவரை கேட்கவில்லை."
கோப்பியுடன் வெர்னர் வந்தார்.
பேச்சு பனிக்காலச் சக்கரங்களுக்குத் தாவியது.

நாலு நாள் வேலை.
ரப்பர் வளையம் உளுத்து நீர் இறங்கிய வழியெல்லாம்
துரு, தேயிலைத் தூள் மாதிரி.
புதுக் கம்பியைப் பின் பம்பருக்குள்ளே
படுக்க வைத்தேன்,
உலோகத்தில் உரசாமல் நாலு விரல் தள்ளி.
கேபிள் கம்பளத்துக்கு அடியால் ஓடியது.
எர்த்துக்காக ஓரிடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி
வெறும் இரும்பு மினுங்கும்வரை தேய்த்தேன்.
அது சரியாகப் பிடிக்காவிட்டால்
எந்தக் கம்பியும் இரைச்சலைத்தான் கொண்டு வரும்.

துளைக்குள் ஒரு தகடு வெட்டி வைத்துப் பற்றவைத்தேன்.
மேற்புறம் அரைத்து, தேய்த்து, பூசி,
விளக்கைச் சாய்த்துப் பிடித்தாலும் தெரியாதபடி.
அடிப்புறத்தை அரைக்கவில்லை.
துருப்பிடிக்காமல் மெல்லிய பூச்சு மட்டும்.
பாதி சோம்பல்.
மற்றப் பாதியை பில்லில் எழுத இடமில்லை.

சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தோம்.
நான் பின் இருக்கையில்.
சாலையோரம் மறுநாள் வாக்கெடுப்புக்கான சுவரொட்டிகள்,
ஆம், இல்லை, இல்லை, ஆம்.
என் சட்டைப் பையில் வதிவிட அட்டை;
இருபத்தாறு வருடமாய்
முடிவுகளைக் கேட்க மட்டும் உரிமை.
லிகெர்ஸ் தாண்டியதும்
ஜெர்மன் குரலுக்குள் பிரெஞ்சுக் குரல் ஒன்று
முழங்கையால் இடித்து நுழைந்தது.
வெர்னர் குமிழைத் திருகினார்.
"முன்பு இதைவிடத் தெளிவாக இருந்தது."
"முன்பு கம்பி வெளியே நின்றது," என்றேன்.

பட்டறை வாசலில் இறங்கியதும்
எல்ஸ்பெத் முன் சக்கரத்தருகே குந்தினார்.
எழுபத்தெட்டு வயது முழங்கால் சத்தம் போட்டது.
மட்கார்டின் அடியில் கையை விட்டுத்
தேடினார்.
கை ஓரிடத்தில் நின்றது.
ஒரு சுற்று சுற்றியது, மெதுவாக,
இன்னொரு சுற்று.

"அங்கே என்ன?" என்றார் வெர்னர்.
"துரு இருக்கிறதா என்று பார்த்தேன்."
"இருக்கிறதா?"
அவருடைய கைக்குட்டையை வாங்கி
கறுத்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.
"இல்லை."